வாசகர் கேள்வி–பதில்: சீரியல் கம்பியின் மறுமுனையில் டெர்மினல்

தொண்டி முதல் சாயல்குடி வரை கடலோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த முறை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: பைதானில் நிரல் எழுதி, சீரியல் போர்ட் வழியாக எஸ்கேப் தொடர்களை (கர்சரை நகர்த்து, திரையை அழி என்று கட்டளையிடும் பைட் கோவைகளை) அனுப்பி, எதிர்முனை டெர்மினல் (வரும் எழுத்துகளைத் திரையில் காட்டும் கருவி) ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று எப்படிச் சோதிப்பது. பதில்களில் எல்லாத் தொடர்களையும் பைட் எண்களாகவே தருகிறோம். எஸ்கேப் என்றால் 27, [ என்றால் 91. பைதானின் பைட்ஸ் செயற்கூற்றுக்குள் சதுர அடைப்பிட்டு, எண்களுக்கு நடுவே காற்புள்ளி வைத்துக் கொடுத்துவிடுங்கள். மேற்கோள் குறி, பின்சாய்கோடு தொல்லை எதுவும் இருக்காது.

கேள்வி: இஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையும் சின்னத் திரையும் வைத்து, பழைய விடி100 மாதிரி ஒரு டெர்மினல் செய்துவருகிறேன். லேப்டாப்பிலிருந்து தொடர்களை அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்துத்தான் சரிபார்க்கிறேன். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெட்டுப்போகிறது. கண்ணால் பார்க்காமல் சோதிக்க வழி இருக்கிறதா? – வாசகர், ராமேஸ்வரம்

இருக்கிறது. டெர்மினலையே கேட்டுவிடுங்கள். 27 91 54 110 என்று அனுப்பினால், கர்சர் எங்கே நிற்கிறது என்று அதுவே திருப்பிச் சொல்லும். 27 91, வரிசை எண், 59, கட்ட எண், 82 என்ற அமைப்பில் பதில் வரும். கர்சர் 12ஆம் வரிசையில் 40ஆம் கட்டத்தில் இருந்தால் 27 91 49 50 59 52 48 82. 1978இல் வந்த விடி100 முதல் இன்றைய எமுலேட்டர்கள் (டெர்மினலைப் போல நடிக்கும் மென்பொருள்கள்) வரை இதற்குப் பதில் சொல்லும். உங்கள் டெர்மினலில் இது இன்னும் இல்லையென்றால், நிறங்களையும் தடித்த எழுத்தையும் ஒத்திவைத்துவிட்டு முதலில் இதை எழுதுங்கள். மற்ற சோதனைகள் எல்லாம் இதன் தோளில்தான் ஏறி நிற்கப்போகின்றன.

சோதனை நிரலின் உள்ளே ஒவ்வொரு முறையும் நடக்கவேண்டியது இதுதான். உள்வரும் பஃபரைக் காலி செய்யுங்கள் (பைதானில் சீரியல் போர்ட்டைக் கையாளும் பைசீரியல் நூலகத்தில் ரீசெட் இன்புட் பஃபர்). 24 என்ற ஒற்றை பைட்டை அனுப்புங்கள். முந்தைய சோதனை பாதியில் விட்டுப்போன தொடர் ஏதாவது இருந்தால் அது ரத்தாகும். பிறகு கர்சரைத் தெரிந்த இடத்தில் நிறுத்தி, சோதிக்கவேண்டியதை அனுப்பி, இடத்தைக் கேளுங்கள். 82 வரும்வரை படிப்பதற்கு ரீட் அன்டில் போதும். டைம்அவுட் அரை விநாடி வையுங்கள். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் கேள்வியும் பதிலும் சேர்த்துப் பன்னிரண்டு பைட் என்றால் கம்பியில் 12.5 மில்லி விநாடிதான் ஆகும். எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் உள்ள யுஎஸ்பி–சீரியல் கம்பி, வந்த பைட்டுகளை 16 மில்லி விநாடி வரை பிடித்துவைத்துக் கொடுக்கும். அப்படியும் நூறு கேள்விகள் மூன்று விநாடியில் முடிந்துவிடும். அவசரமென்றால் அந்த 16ஐ லினக்ஸில் 1 ஆக்கலாம்.

எதைச் சோதிப்பது? புதிதாக டெர்மினல் எழுதுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் சறுக்குகிற இடம் வரியின் கடைசியான 80ஆம் கட்டம். வரி மடிப்பை இயக்கி (27 91 63 55 104), கர்சரை முதல் வரிசையின் 80ஆம் கட்டத்துக்குக் கொண்டுபோங்கள் (27 91 49 59 56 48 72). ஓர் எழுத்தை அனுப்பி இடத்தைக் கேளுங்கள். சரியான பதில் 1;80 (வரிசை 1, கட்டம் 80). கர்சர் அடுத்த வரிக்குத் தாவியிருக்கக் கூடாது. ‘மடிக்கவேண்டியிருக்கிறது’ என்று உள்ளுக்குள் ஒரு குறியை மட்டும் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கவேண்டும். அடுத்த எழுத்து வந்ததும் மடிந்து 2;2 என்று சொல்லவேண்டும். முதல் எழுத்துக்கே 2;1 என்று பதில் வந்தால், கடைசிக் கட்டம் வரை எழுதுகிற எந்த எடிட்டரும் உங்கள் திரையில் ஒரு வரி விட்டு ஒரு வரியாகத்தான் தெரியும். அந்தக் குறி நிற்கும்போது 8 (பின்னகர்வு) அனுப்பினால் 1;79 வரவேண்டும். 13 அனுப்பினால் 1;1.

அடுத்தது உருளும் பகுதி. 27 91 53 59 49 48 114 அனுப்பினால் 5 முதல் 10 வரையுள்ள வரிசைகள் மட்டும் உருளும். அனுப்பிய உடனே இடத்தைக் கேளுங்கள். கர்சர் 1;1க்குப் போயிருக்கவேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். 7ஆம் வரிசையில் நிறுத்தி ‘99 வரிசை கீழே’ (27 91 57 57 66) என்றால் 10இல் நிற்கவேண்டும். 12இல் நிறுத்தி அதையே சொன்னால், பகுதிக்கு வெளியே இருப்பதால் கடைசி வரிசையான 24 வரை போகவேண்டும். முடிந்ததும் 27 91 114 அனுப்பிப் பகுதியை நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் அடுத்த சோதனை காரணமில்லாமல் தோற்கும்.

கொஞ்சம் குறும்பான சோதனை ஒன்று. தொடரின் நடுவே கட்டுப்பாட்டு எழுத்து வந்தால், அதை அப்போதே நிறைவேற்றிவிட்டுத் தொடரை விட்ட இடத்திலிருந்து பிடிக்கவேண்டும் என்பது விடி100இன் வழக்கம். 1;5இல் நிறுத்தி 27 91 50 8 67 அனுப்புங்கள். நடுவில் உள்ள 8 ஒரு கட்டம் பின்னே, முடிவில் இரண்டு கட்டம் முன்னே. பதில் 1;6 வரவேண்டும்.

இத்தனையும் தேறினால், அதே சோதனைகளை ஒவ்வொரு பைட்டாக, இடையில் 50 மில்லி விநாடி விட்டு அனுப்பிப் பாருங்கள். ஒரே மூச்சில் அனுப்பியபோது தேறி இப்போது தோற்றால், முழுத் தொடரும் ஒரே வாசிப்பில் வந்துவிடும் என்று உங்கள் நிரல் நம்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சீரியல் கம்பியில் அந்த உத்தரவாதம் கிடையாது. ஒவ்வொரு பைட்டுக்கும் நிலையை மாற்றிக்கொள்ளும் நிலைப்பொறியாக எழுதினால்தான் நிற்கும்.

இஎஸ்பி32இல் இன்னொரு சிக்கல் உண்டு. யுஎஸ்பி வழியாகப் போர்ட்டைத் திறந்ததுமே டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற கட்டுப்பாட்டுக் கம்பிகள் அசைந்து பலகை ரீசெட் ஆகிவிடும். பூட் ஆகும்போது அது கொட்டுகிற செய்தி உங்கள் முதல் பதிலோடு கலந்துவிடும். போர்ட் பெயர் கொடுக்காமல் சீரியல் பொருளை உருவாக்கி, டிடிஆர், ஆர்டிஎஸ் இரண்டையும் ஃபால்ஸ் ஆக்கி, பெயரைக் கொடுத்து, அதற்குப் பிறகு திறங்கள். இதைவிட நல்ல வழி, டெர்மினல் போக்குவரத்தை 16, 17ஆம் பின்களில் உள்ள யுஆர்ட்2 என்ற இன்னொரு சீரியல் போர்ட்டுக்கு மாற்றிவிட்டு, யுஎஸ்பியைப் பிழை பார்க்க மட்டும் வைத்துக்கொள்வது. கூடுதல் நினைவகச் சிப் உள்ள பலகைகளில் அந்தப் பின்கள் நினைவகத்துக்கே போய்விடும். வேறு பின்னைத் தேர்ந்தெடுங்கள்.

கர்சர் இடம் தெரிந்தாலும், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பது இதில் தெரியாது. அதற்கு விடி100இன் வாரிசான விடி420 காலத்தில் ஒரு வழி வந்தது: ஒரு செவ்வகத்தைச் சொன்னால், அதற்குள் உள்ள எழுத்துகளின் செக்சம்மை (கூட்டிக் கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணை) திருப்பித் தரும். தொடர் 42 121 என்று முடியும். ஒரே ஒரு கட்டத்தைச் செவ்வகமாகக் கொடுத்தால் அங்கே என்ன எழுத்து இருக்கிறது என்றே கண்டுபிடித்துவிடலாம். திரையில் உள்ளதை வெளியே சொல்வது பாதுகாப்புக்கு ஆகாது என்று சில எமுலேட்டர்களில் இதை அணைத்துவைத்திருப்பார்கள். உங்களுடையது சொந்தப் பலகை, தாராளமாகச் சேர்க்கலாம்.

சோதனை ஓடும்போது கீபோர்டைத் தொடாதீர்கள். எக்ஸ்டெர்ம் வகை எமுலேட்டர்களில் ஷிஃப்ட்டோடு எஃப்3 அழுத்தினால் போகும் தொடரும், ‘கர்சர் 1;2இல் இருக்கிறது’ என்ற பதிலும் பைட்டுக்கு பைட் ஒன்றே.

கேள்வி: கடையில் கழித்துப்போட்ட பழைய டெர்மினல் ஒன்று கிடைத்தது. பின்னால் 25 பின் சாக்கெட். யுஎஸ்பி–சீரியல் கம்பியில் இணைத்தேன். பைதானில் ரீட் என்ற வரியில் நிரல் அப்படியே உறைந்துபோகிறது. பிழைச் செய்தியும் இல்லை. – வாசகர், கீழக்கரை

உறைவதற்குக் காரணம் எளிது. பைசீரியலில் டைம்அவுட் கொடுக்காவிட்டால், பைட் வரும்வரை என்றென்றைக்கும் காத்திருப்பதுதான் அதன் இயல்பு. 1 விநாடி கொடுங்கள், உறையாது. ஆனால் பதில் ஏன் வரவில்லை என்பது வேறு கேள்வி. அதைக் கம்பியிலிருந்து தொடங்குவோம்.

யுஎஸ்பி கம்பியின் 9 பின் முனையில் 3 அனுப்புவது, 2 பெறுவது, 5 தரை. டெர்மினலின் 25 பின் முனையில் 2 அனுப்புவது, 3 பெறுவது, 7 தரை. ஆக, 3ஐ 3உடனும், 2ஐ 2உடனும், 5ஐ 7உடனும் இணைக்கவேண்டும். பார்க்க நேர்க்கம்பி போலத் தெரிந்தாலும் இதுதான் குறுக்குக் கம்பி. ‘குறுக்காக மாற்றவேண்டும்’ என்று கேள்விப்பட்டு 2ஐ 3உடன் இணைத்தால், இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருக்கும், கேட்க ஆளிருக்காது. கம்பி சரியாக இருந்தும் டெர்மினல் வாய் திறக்காவிட்டால், அதன் பக்கத்தில் 4ஐயும் 5ஐயும் ஒன்றாகவும், 6, 8, 20 மூன்றையும் ஒன்றாகவும் இணைத்துப் பாருங்கள். எதிர்முனை தயாரா என்று காத்திருக்கும் டெர்மினல்கள் அப்போது ஏமாந்து பேசத் தொடங்கும்.

டெர்மினலை இணைக்கும் முன் கம்பியை மட்டும் தனியாகச் சோதியுங்கள். 9 பின் முனையில் 2ஐயும் 3ஐயும் ஒரு துண்டுக் கம்பியால் தொடவிட்டு எதை அனுப்பினாலும் அது அப்படியே திரும்பி வரவேண்டும். வராவிட்டால் கோளாறு கணினிப் பக்கம். உபுண்டுவாக இருந்தால் மூன்று சந்தேகங்கள். சீரியல் போர்ட்டைத் திறக்கும் உரிமையுள்ள டயல்அவுட் குழுவில் உங்கள் பயனர் இல்லை. அல்லது மோடம்மேனேஜர் என்ற சேவை போர்ட்டைப் பிடித்து, மோடம் என்று நினைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. அல்லது, சிஎச்340 சிப் உள்ள மலிவுக் கம்பியானால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைச் சேவை அதைத் தன்னுடையதென்று எடுத்துக்கொள்கிறது, உபுண்டு 22.04இல் இது அடிக்கடி நடக்கும். பிரெய்ல் கருவி உங்களிடம் இல்லையென்றால் அந்தச் சேவைக்கான பிஆர்எல்டிடிஒய் தொகுப்பை நீக்கிவிடலாம். விண்டோஸில் பிஎல்2303 சிப் என்று விற்கப்படும் போலிகளை அதன் டிரைவரே ஏற்க மறுக்கும். அதோடு மல்லுக்கட்டாமல் வேறு கம்பி வாங்கிவிடுவது மேல்.

இம்போர்ட் வரியிலேயே பிழை வந்தால் நிறுவியதைப் பாருங்கள். நிறுவவேண்டியது பைசீரியல், சீரியல் என்ற பெயரில் இருப்பது வேறு தொகுப்பு. உங்கள் சொந்த நிரலுக்கு சீரியல் என்று பெயர் வைத்திருந்தாலும் இதே கதிதான். பைதான் உங்கள் கோப்பையே இம்போர்ட் செய்துகொள்ளும்.

எல்லாம் சரியானதும் 27 91 99 அனுப்பி, ‘நீ யார்’ என்று கேளுங்கள். விடி100 என்றால் 27 91 63 49 59 50 99 என்று வரும். விடி220 என்றால் 63க்குப் பின் 54 50 (அதாவது 62) என்று தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய டெர்மினலின் ஆர்எஸ்232 முனையை இஎஸ்பி32 போன்ற பலகையின் பின்னில் நேராகச் சொருகாதீர்கள். அங்கே மைனஸ் 12 வோல்ட் வரை வரும், பலகை தாங்குவது 3.3. நடுவில் மேக்ஸ்3232 சிப் வேண்டும்.

கேள்வி: திரை முழுக்க நிரப்பும் சோதனையில் சில எழுத்துகள் காணாமல் போகின்றன. வேகத்தை 1200க்குக் குறைத்தால் எல்லாம் வருகின்றன. 9600இல் கம்பி கெட்டுவிடுமா? – வாசகர், தொண்டி

கம்பி கெடவில்லை, டெர்மினலுக்கு மூச்சு முட்டுகிறது. 9600 என்றால் விநாடிக்கு 960 எழுத்து. 80க்கு 24 திரையில் 1920 கட்டங்கள், இரண்டு விநாடி வேலை. வெறும் எழுத்தை அந்த வேகத்தில் போட்டுவிடலாம். திரையை உருட்டவோ அழிக்கவோ சொன்னால் பழைய இயந்திரங்களுக்கு அதைவிட நேரம் பிடிக்கும். அதுவரை வருவது பஃபரில் காத்திருக்கவேண்டும். விடி100இன் பஃபர் வெறும் 64 எழுத்து. அதில் 32 நிரம்பியதும் 19ஐ அனுப்பி ‘நிறுத்து’ என்கிறது. 16க்குக் குறைந்ததும் 17ஐ அனுப்பி ‘தொடரலாம்’ என்கிறது. போர்ட்டைத் திறக்கும்போது எக்ஸ்ஆன்எக்ஸ்ஆஃப் என்பதை ட்ரூ ஆக்கவில்லை என்றால் உங்கள் பக்கம் இதைக் காதில் வாங்காது.

ட்ரூ ஆக்கியும் சில சமயம் இழப்பு நிற்காது. யுஎஸ்பி கம்பியின் சிப்புக்குள் ஏற்கெனவே போய்விட்ட பைட்டுகளைக் கணினி திரும்பப் பிடிக்க முடியாது. 19 வந்து சேர்ந்து கணினி நிறுத்துவதற்குள் மிச்சமிருக்கும் 32 இடமும் நிரம்பிவிடும். அதற்கும் கேள்வி கேட்பதுதான் மருந்து. 24 பைட்டுக்கு ஒருமுறை 27 91 53 110 (‘நீ சரியாக இருக்கிறாயா’ என்ற கேள்வி) அனுப்பி, 27 91 48 110 என்ற பதில் வரும்வரை நில்லுங்கள். கேள்வி வரிசையில் கடைசியாக நிற்பதால், அதற்குப் பதில் வந்தால் முன்னால் அனுப்பியவை அனைத்தும் நிறைவேறிவிட்டன என்று அர்த்தம். வேகம் குறையும், ஆனால் ஓர் எழுத்தும் தவறாது. டைம் ஸ்லீப் போட்டுச் சமாளிப்பதை நாங்கள் சொல்லமாட்டோம். இன்று போதுமானதாக இருக்கும் இடைவெளி, நாளை உருளும் பகுதியைச் சேர்த்தால் போதாது.

கேள்வி: டெர்மினலுக்குத் தமிழில் ‘மண்டபம்’ என்று அனுப்பினால் சம்பந்தமில்லாத குறிகள் வந்து, கர்சர் மேலே ஏறி, அதற்குப் பிறகு எதை அனுப்பினாலும் திரை அசையவே இல்லை. ‘பாம்பன்’ என்றால் உறையவில்லை, ஆனால் இரண்டு வரி மேலே போய்விடுகிறது. பேய் பிடித்ததுபோல இருக்கிறது. – வாசகர், ராமநாதபுரம்

இந்த முறை வந்ததிலேயே சுவையான கேள்வி. விடி220 முதல் வந்த 8 பிட் டெர்மினல்களில், 128 முதல் 159 வரையுள்ள பைட்டுகளும் கட்டுப்பாட்டு எழுத்துகளே. 27உம் இன்னோர் எழுத்தும் சேர்ந்து செய்யும் வேலையை அவை தனியாகவே செய்யும். யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கத்தில் தமிழ் எழுத்தும் புள்ளி, கொம்பு போன்ற குறியும் ஒவ்வொன்றும் மூன்று பைட். முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது 128க்கும் 191க்கும் நடுவில் எதுவாகவும் இருக்கலாம். அந்த மூன்றாவது பைட்டில்தான் வினை.

‘மண்டபம்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். ம, ண இரண்டின் மூன்றாவது பைட்டுகள் 174, 163. அவை அச்சாகும் குறிகள், தீங்கில்லை. ண்-இன் புள்ளி 224 175 141. 141 என்றால் ‘ஒரு வரி மேலே போ’. அடுத்து ட, 224 174 159. 159 என்றால் ‘இனி வருவது பயன்பாட்டு நிரலுக்கான செய்தி, முடிவுக்குறி வரும்வரை திரையில் காட்டாதே’. அதோடு பம் என்பதும், பின்னால் அனுப்பிய அத்தனையும் விழுங்கப்படுகின்றன. ‘பாம்பன்’ என்பதில் ட இல்லை, புள்ளி இரண்டு. அதனால்தான் இரண்டு வரி மேலே. ‘தொண்டி’ ஒரு வரி ஏறி உறையும். ‘அரிச்சல்முனை’ முதலில் ஒரு வரி இறங்கும்: அ-வின் கடைசி பைட் 133, புது வரியின் தொடக்கத்துக்குப் போகச் சொல்வது. பிறகு இரண்டு புள்ளிகளும் இரண்டு வரி மேலேற்றும். அதில் வரும் ச 154இல் முடிவதால், 8 பிட் நிலையில் உள்ள எக்ஸ்டெர்ம் தன் அடையாளத்தையே பதிலாக அனுப்பும். நீங்கள் கேட்காத பதில் பஃபரில் கிடந்து அடுத்த சோதனையைக் குழப்பும். ஐகாரக் குறி ை 136, அந்த இடத்தில் டேப் நிறுத்தத்தை வைக்கும். ஞ 158, ஐ 144: இவையும் ட மாதிரியே விழுங்குபவை.

விழுங்குவதை முடித்துவைக்கும் முடிவுக்குறி 156. தமிழில் அது ஜ-வின் கடைசி பைட். ஆகவே ஜூன், ஜன்னல் என்று ஏதாவது வந்தால் திரைக்குத் தானாக உயிர் வந்துவிடும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 24 அனுப்பினால் போதும். டேப் நிறுத்தங்கள் சிதைந்திருந்தால் 27 91 51 103 அனுப்பி அழித்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

உங்கள் டெர்மினல் யுடிஎஃப்-8 தெரிந்த எமுலேட்டர் என்றால் தீர்வு எளிது. எழுத்துக்குறியாக்க அமைப்பை யுடிஎஃப்-8க்கு மாற்றுங்கள். எக்ஸ்டெர்ம், லினக்ஸ் கன்சோல் இரண்டிலும் 27 37 71 அனுப்பியே மாற்றலாம், 27 37 64 பழைய நிலைக்குத் திருப்பும். உண்மையான விடி220 என்றால் அதற்கு யுடிஎஃப்-8உம் தெரியாது, தமிழும் தெரியாது. 94 வடிவங்கள் வரை நாமே வரைந்து ஏற்றலாம். கொம்பு, கால், புள்ளி என்று பிரித்து வரைந்து, எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த வடிவங்கள் என்ற அட்டவணையைப் பைதானில் வைத்து மாற்றி அனுப்பினால் படிக்கும்படி வரும். பொறுமை உள்ளவர்களுக்கான வேலை.

சொந்தமாக டெர்மினல் எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டியது வரிசைமுறை. யுடிஎஃப்-8ஐப் பிரித்து எழுத்தாக்கிய பிறகே அது கட்டுப்பாட்டு எழுத்தா என்று பார்க்கவேண்டும். முன்னதாகப் பார்த்தால் மேலே சொன்ன கூத்துகள் அனைத்தும் உங்கள் டெர்மினலிலும் நடக்கும். சோதனையாக 1;1இலிருந்து ‘கி’ அனுப்பி இடத்தைக் கேளுங்கள், பிறகு ‘கீ’. பல எமுலேட்டர்களில் முதலாவதற்கு 1;3, இரண்டாவதற்கு 1;2 என்று பதில் வரும். யூனிகோடில் ி இடம் பிடிக்கும் குறி, ீ இடம் பிடிக்காத குறி என்று வகைப்படுத்தியிருப்பதே காரணம். எமுலேட்டருக்கு எமுலேட்டர் இது மாறும் என்பதால், கட்டம் எண்ணித் தமிழை வலப்பக்கம் ஒட்ட அச்சிடும் நிரல்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும், ஊகிக்கக் கூடாது.

கேள்வி: விசைப்படகில் உள்ள ஜிபிஎஸ் கருவியின் சீரியல் வெளியீட்டைப் பைதானில் படித்து, ஒரு டெர்மினலில் அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம் மூன்றையும் ஒரே இடத்தில் காட்டுகிறேன். திரை மினுக்கிக்கொண்டே இருக்கிறது. அட்சரேகையும் தவறாக வருகிறது. – வாசகர், மண்டபம்

ஒவ்வொரு முறையும் திரையை முழுதாக அழித்து (27 91 50 74) வரைகிறீர்கள் போல. அழிக்கவேண்டாம். தலைப்புகளை ஒரே முறை வரைந்துவிட்டு, எண் இருக்கும் இடத்துக்குக் கர்சரைக் கொண்டுபோய் எண்ணை எழுதி, 27 91 75 அனுப்பி வரியின் மிச்சத்தை மட்டும் அழியுங்கள். எண் மாறாவிட்டால் எதையும் அனுப்பவேண்டாம்.

அட்சரேகை தவறுவது எஸ்கேப் தொடரால் அல்ல. ஜிபிஎஸ் அனுப்பும் என்எம்இஏ 0183 வடிவ வரியில் 0916.8 என்று வந்தால் அது 9 டிகிரி 16.8 நிமிடம். 16.8ஐ 60ஆல் வகுத்துக் கூட்டினால் 9.28, மண்டபம் பக்கம். 9.168 என்று எடுத்துக்கொண்டால் தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும்.

ஜிபிஎஸ் போர்ட்டின் வேகம் 4800, டெர்மினலுடையது வேறாக இருக்கலாம். இரண்டு போர்ட்டையும் தனித்தனியாகத் திறங்கள். வந்த வரியை அப்படியே டெர்மினலுக்குத் தள்ளாதீர்கள். இன்ஜின் ஓடும்போது இரைச்சலில் ஒரு பைட் 27ஆக மாறினால் போதும், திரை சிதறும். $ குறிக்கும் * குறிக்கும் நடுவில் உள்ள பைட்டுகளை எக்ஸ்ஆர் (XOR) செய்து, * குறிக்குப் பின்னுள்ள இரண்டு இலக்கத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாத வரியை எறிந்துவிடுங்கள். பொருந்திய வரியிலும் 32 முதல் 126 வரையுள்ள பைட்டுகளை மட்டும் அனுமதியுங்கள்.

கேள்வி: 27 அனுப்பினால் திரையில் அம்புக்குறியும் [2ஜே என்ற எழுத்துகளும் அப்படியே தெரிகின்றன. – வாசகர், உச்சிப்புளி

டெர்மினல் ‘கட்டுப்பாட்டு எழுத்துகளைக் காட்டு’ என்ற நிலையில் இருக்கிறது. அமைப்புத் திரையில் அதை அணையுங்கள். அம்புக்குறி இல்லாமல் பின்சாய்கோடே எழுத்தாகத் தெரிந்தால், பைதான் சரத்தின் முன்னால் ஆர் என்ற எழுத்தைப் போட்டிருப்பீர்கள். அதை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கருவி எதுவும் இல்லாமல் பழக முடியுமா? – வாசகர், தேவிபட்டினம்

முடியும். லினக்ஸில் சோகேட் நிரலால் ஒன்றோடொன்று இணைந்த இரண்டு போலிப் போர்ட்டுகளை உருவாக்கலாம். ஒன்றில் உங்கள் சோதனை நிரல், மற்றதில் எமுலேட்டர். பைதானுக்குள்ளேயே முடிக்க பைட்டெ என்ற நூலகம் இருக்கிறது. அது திரையை நினைவகத்தில் வைத்திருப்பதால் எந்தக் கட்டத்தில் என்ன எழுத்து என்று நேராகப் படிக்கலாம். விடிடெஸ்ட் நிரலையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் வகையானாலும் எதையெல்லாம் சோதிக்கவேண்டும் என்ற பட்டியலாகவே அதைப் பயன்படுத்தலாம். தானாகச் சரிபார்ப்பது வேண்டுமென்றால் எஸ்க்டெஸ்ட், பைதானில் எழுதப்பட்டது, மேலே சொன்ன செக்சம் முறையில் திரையைப் படிக்கிறது. போலிப் போர்ட்டுக்கு வேகமும் இல்லை, இரைச்சலும் இல்லை. தொண்டி வாசகரின் சிக்கல் அங்கே ஒருபோதும் வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: சில மாதங்கள் நன்றாக ஓடிய இணைப்பில் இப்போது விட்டு விட்டுத் தவறான பைட்டுகள் வருகின்றன. வேகத்தை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. வீடு கடற்கரையை ஒட்டி. – வாசகர், ஏர்வாடி

வேகம் தவறாக இருந்தால் கிட்டத்தட்ட எல்லா பைட்டும் எப்போதும் தவறும். விட்டு விட்டு என்றால் இணைப்பிதான். உப்புக்காற்றில் 9 பின் சாக்கெட்டின் தகர உறையும் முலாம் மெலிந்த பின்களும் பூத்துவிடும், தரைப் பின் 5 முதலில் மோசமானால் இப்படித்தான் காட்டும். 2, 3 பின்களைத் தொடவிட்டு, ஓட்டக் கட்டுப்பாட்டை (எக்ஸ்ஆன்எக்ஸ்ஆஃப்) அணைத்து, 0 முதல் 255 வரை எல்லா பைட்டையும் நாற்பது சுற்று அனுப்பித் திரும்பி வருவதோடு ஒப்பிடுங்கள். ஓடும்போது இணைப்பியை லேசாக அசையுங்கள். அசைக்கும்போது மட்டும் பிழை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

மின்சாரத்தைத் துண்டித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் பின்களைத் துடைத்துக் காயவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மிச்சமுள்ள முலாமும் போய்விடும். அடுத்த கம்பி வாங்கும்போது தங்க முலாம் பூசிய பின்கள் உள்ளதாகப் பாருங்கள். இரண்டு பக்கத் திருகுகளையும் இறுக்கிவையுங்கள். பயன்படுத்தாதபோது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போட்டுவையுங்கள்.